நல்ல கொழுப்பு நம்மைக் காப்பாற்றி விடுமா?

(கொல்லிமலை, திருப்புலி நாட்டில் நடந்த இலவச மருத்துவ முகாமுக்கு வந்திருந்த மக்களிடையே ஆற்றப்பட்ட உரை. மலை மக்களிடம் பேசியது என்றாலும் சமவெளியில் வாழும் வாசகர்களுக்கும் முழுமையாகப் பொருந்தும் என்பதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



கொழுப்பில் நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு என்று இரண்டு வகை இருக்கிறது என்பதை இன்று எல்லோருமே தெரிந்து வைத்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூட இதைப் பேசுகிறார்கள். இது வரவேற்க வேண்டிய விஷயம் தான். ஆனால் பாதி மட்டும் தெரிந்து கொண்டதால் ஏற்படும் விளைவு என்ன தெரியுமா? இரத்தப் பரிசோதனைச் சீட்டில் எச்.டி.எல். 60 என்று இருந்தால் போதும். "எனக்கு நல்ல கொழுப்பு நிறைய இருக்கிறது, மாரடைப்பு வராது" என்று சொல்லி, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தூக்கிப் பரணில் போட்டு விடுகிறார் ஒருவர். இன்னொருவர் சீட்டில் 34 என்று இருக்கிறது. அவர் நல்ல கொழுப்பை ஏற்றுவதற்கு என்ன மாத்திரை இருக்கிறது, என்ன எண்ணெய் இருக்கிறது, என்ன பொடி இருக்கிறது என்று தேடி அலைகிறார். இதற்கென்றே டப்பாக்களில் அடைத்து ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு பேர் செய்வதும் தவறு. ஏன் தவறு என்பதைத் தான் இன்று சொல்லப் போகிறேன்.

கொழுப்பு எதற்காக?

கொலஸ்ட்ரால் என்பது விஷம் அல்ல. மெழுகு போன்ற ஒரு பொருள். உடலில் உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் கட்டுவதற்கு அது தேவை. சில ஹார்மோன்கள் உற்பத்தியாகவும், சாப்பாட்டைச் செரிக்கும் பித்த நீர் உற்பத்தியாகவும் அது தேவை. நாம் சாப்பிடுவதிலிருந்து கொஞ்சம் வருகிறது. பெரும்பகுதியை நமது உடலே, குறிப்பாக ஈரல், உற்பத்தி செய்து கொள்கிறது. மெழுகு தண்ணீரில் கரையாது அல்லவா? இரத்தத்திலும் கரையாது. எனவே அதை ஏற்றிச் செல்ல வண்டி வேண்டும்.

உங்கள் மலையிலிருந்து மரவள்ளி ஏற்றிய லாரிகள் சேலத்துச் சேகோ ஆலைகளுக்கு இறங்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். வளைவுக்கு வளைவு நாலு கிழங்கு கீழே விழும். எல்.டி.எல். என்பது இப்படிப்பட்ட லாரி. ஈரலில் இருந்து கொழுப்பை ஏற்றிக் கொண்டு உடல் முழுவதும் போகிறது. இந்த லாரிகள் அளவுக்கு மீறி ஓடும் போது இரத்தக் குழாயின் உட்சுவருக்குள் புகுந்து அங்கேயே சரக்கைக் கொட்டி விடுகின்றன. வருடக்கணக்கில் சேர்ந்து அது மேடாகிறது. ஒரு நாள் அந்த மேடு வெடித்து, அதன் மீது இரத்தம் உறைந்து, குழாய் அடைத்துக் கொள்கிறது. இதயத்தின் குழாயில் இது நடந்தால் அதன் பெயர் மாரடைப்பு.

எச்.டி.எல். என்பது கீழே விழுந்த கிழங்கைப் பொறுக்கிக் கொண்டு மலைக்குத் திரும்பி வரும் வண்டி. குழாய்ச் சுவரில் தேங்கிய கொழுப்பை எடுத்துக் கொண்டு ஈரலுக்குத் திருப்பிக் கொண்டு வருகிறது. இதனால் தான் இதற்கு நல்ல கொழுப்பு என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் இரண்டு வண்டியிலும் இருப்பது ஒரே கொலஸ்ட்ரால் தான். வண்டி தான் வேறு.

அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 1948ஆம் ஆண்டு முதல் ஊர் மக்களைத் தொடர்ந்து பரிசோதித்து வருகிறார்கள். நல்ல கொழுப்பு குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகமாகவும், அதிகமாக இருந்தவர்களுக்குக் குறைவாகவும் வருகிறது என்று 1977ல் அங்கே கண்டறிந்து வெளியிட்டார்கள். வேறு பல நாடுகளிலும் இதே முடிவு தான் கிடைத்தது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஏற்றினால் காப்பாற்றுமா?

அப்படியானால் நல்ல கொழுப்பை மருந்து கொடுத்து ஏற்றி விட்டால் மாரடைப்பு குறைந்து விட வேண்டும் அல்லவா? எல்லோரும் அப்படித் தான் நினைத்தார்கள். உலகப் பெரும் மருந்துக் கம்பெனியான ஃபைசர் கோடிக்கணக்கான டாலர்களைக் கொட்டி டார்செட்ராபிப் என்ற மருந்தைத் தயாரித்தது. 15,067 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு மருந்தைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல கொழுப்பு ஏறியதா? ஏறியது. கொஞ்ச நஞ்சம் அல்ல, 72 சதவிகிதம் ஏறியது. கெட்ட கொழுப்பும் 25 சதவிகிதம் இறங்கியது. சீட்டைப் பார்த்தால் இதை விட அருமையான சீட்டு இருக்க முடியாது.

ஆனால் நடந்தது என்ன? மருந்து சாப்பிட்டவர்களில் 93 பேர் இறந்து போனார்கள். சாப்பிடாதவர்களில் இறந்தவர்கள் 59 பேர். 2006 டிசம்பரில் ஆய்வை அப்படியே நிறுத்தி விட்டார்கள். அந்த மருந்து இரத்த அழுத்தத்தையும் ஏற்றியது என்பது ஒரு காரணம்.

ஒரு மருந்து தான் கோளாறு என்று வைத்துக் கொள்வோம். ரோச் கம்பெனியின் டால்செட்ராபிப் மருந்திலும் நல்ல கொழுப்பு ஏறியது, மாரடைப்பு குறையவில்லை. 2012ல் கைவிட்டார்கள். எலி லில்லி கம்பெனியின் எவாசெட்ராபிப் நல்ல கொழுப்பை இரண்டு மடங்குக்கும் மேலாக ஏற்றியது. பலன் இல்லை. 2015ல் கைவிட்டார்கள். நியாசின் என்ற வைட்டமினைப் பெரிய அளவில் கொடுத்து 25,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். பலன் இல்லாததோடு சர்க்கரை நோயும் இரத்தக் கசிவும் தான் அதிகமாயின. இந்த வகையில் அனாசெட்ராபிப் என்ற ஒரே ஒரு மருந்து மட்டும் 2017ல் சிறிதளவு பலன் காட்டியது. அதுவும் கெட்ட கொழுப்பைக் குறைத்ததால் வந்த பலன் என்று தான் ஆய்வாளர்கள் விளக்கம் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனியே அதை விற்பனைக்குக் கொண்டு வரவில்லை.

கோடிகளைக் கொட்டி, தேர்ந்த விஞ்ஞானிகளை வைத்து, மருந்தால் சாதிக்க முடியாததை சந்தையில் விற்கும் ஒரு டப்பாப் பொடி சாதிக்கும் என்றால் அதை நம்பலாமா? சிந்தித்துப் பாருங்கள்.

2012ல் இன்னொரு வகையிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிறவியிலேயே, பரம்பரைக் கூறு காரணமாக, நல்ல கொழுப்பு மட்டும் கூடுதலாக இருப்பவர்கள் உண்டு. மற்றவர்களை விட அவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வர வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களின் இரத்தத்தை ஆராய்ந்து பார்த்தார்கள். குறையவில்லை. டென்மார்க்கில் 2017ல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. நல்ல கொழுப்பு 116க்கு மேல் இருந்த ஆண்களும், 135க்கு மேல் இருந்த பெண்களும் மற்றவர்களை விட அதிகமாக இறந்திருக்கிறார்கள். கூடக் கூட நல்லது என்பதும் இங்கே அடிபட்டுப் போகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு ஊர் இருக்கிறது. இத்தாலி நாட்டில் கார்டா ஏரிக்கரையில் மலைகளுக்கு நடுவே லிமோனே என்று ஒரு சிற்றூர். 1930களில் சாலை போடும் வரை படகில் தான் போக வேண்டும். வெளியாட்கள் அதிகம் வர மாட்டார்கள். உங்கள் மலையைப் போலத் தான் என்று வைத்துக் கொள்ளுங்களேன். அந்த ஊர்க்காரர் ஒருவரை 1970களில் மிலான் நகரத்தில் பரிசோதித்த போது நல்ல கொழுப்பு படு மோசமான அளவில் குறைந்திருந்தது. ஆனால் இதய நோய் இல்லை. ஊரையே பரிசோதித்தார்கள். சுமார் 40 பேருக்கு இதே நிலை. எல்லோரும் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரே தம்பதியின் வழி வந்தவர்கள். அவர்களுடைய நல்ல கொழுப்பில் உள்ள புரதம் சிறிது மாறி இருந்தது. வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் வேலையில் குறைவில்லை. சீட்டில் வரும் எண் வண்டியில் உள்ள சரக்கின் அளவைத் தான் சொல்கிறதே தவிர, வண்டி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்வதில்லை. லிமோனே ஊர்க்காரர்களின் புரதத்தைச் செயற்கையாகச் செய்து ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் 2016ல் தோல்வியில் முடிந்தது.

அப்படியானால் அந்த எண் எதற்கு?

"எதற்கும் உதவாது என்றால் ஏன் பரிசோதிக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அடுப்பில் தீ எரிந்தால் கூரை வழியாகப் புகை வரும். புகையை வைத்துத் தீயைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் புகையை மட்டும் விசிறி விட்டால் தீ அணைந்து விடுமா? நல்ல கொழுப்பு குறைவது புகை. பீடி, சிகரெட் பிடித்தால் அது குறைகிறது. தொந்தி விழுந்தால் குறைகிறது. சர்க்கரை நோய் வந்தால் குறைகிறது. இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு ஏறும் போது இது இறங்குகிறது. உட்கார்ந்தே இருந்தால் குறைகிறது. இவை எல்லாம் தான் தீ. 40க்குக் கீழே ஆண்களுக்கும், 50க்குக் கீழே பெண்களுக்கும் இருந்தால் வீட்டில் எங்கோ தீ எரிகிறது என்று பொருள். எங்கே என்று தேட வேண்டும்.

நம் நாட்டில் இந்தப் புகை எத்தனை வீடுகளில் வருகிறது தெரியுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை டாக்டர் மோகன் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்நின்று நடத்திய ஆய்வின் முடிவு 2014ல் வெளியானது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் நகரத்திலும் கிராமத்திலும் எடுக்கப்பட்ட கணக்கு. கெட்ட கொழுப்பு அதிகமாக இருந்தவர்கள் 11.8 சதவிகிதம். நல்ல கொழுப்பு குறைவாக இருந்தவர்கள் 72.3 சதவிகிதம். நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர்!

வெள்ளைக்காரன் வெண்ணெயும் மாட்டிறைச்சியும் அதிகமாகச் சாப்பிடுகிறான், அவனுக்குக் கெட்ட கொழுப்பு ஏறுகிறது என்று சொல்வார்கள். நாம் என்ன சாப்பிட்டு இப்படி ஆனோம்? இதற்கும் சென்னையிலேயே பதில் இருக்கிறது. அதே நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2009ல் வெளிவந்தது. சென்னை மக்கள் சாப்பிடும் மொத்த உணவுச் சக்தியில் ஏறத்தாழப் பாதி தீட்டிய அரிசியில் இருந்தும் மைதா போன்றவற்றில் இருந்தும் தான் கிடைக்கிறது. இதை அதிகம் சாப்பிடுபவர்களுக்கு இடுப்புச் சுற்றளவும், சர்க்கரையும், ட்ரைகிளிசரைடும் அதிகம். நல்ல கொழுப்பு குறைவு என்று அந்த ஆய்வு காட்டியது. மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியும் பரோட்டாவும் தின்று விட்டு, "நான் எண்ணெயே தொடுவதில்லை" என்று சொல்வதில் என்ன பயன் இருக்கிறது?

உரலை விட்டு வந்த கதை

இங்கே தான் உங்கள் மலையின் கதை வருகிறது. சாமையும், தினையும், வரகும், பனிவரகும், கேழ்வரகும் விளைந்த மண் இது. சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் தான் உங்கள் பாட்டன் பாட்டி சாப்பிட்ட சாப்பாடு. இன்று சரிவுகளில் எதைப் பார்க்கிறோம்? குச்சிக்கிழங்கு. அதை சேகோ ஆலைக்கு அனுப்பி விட்டு, வரும் பணத்தில் அரிசி வாங்கிச் சாப்பிடுகிறோம். ஆலையில் இருந்து அது ஜவ்வரிசியாக வெளியே வருகிறது. ஜவ்வரிசி என்பது முழுக்க முழுக்க மாவுச்சத்து, வேறொன்றும் இல்லை.

இதற்காக உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நகரத்தில் உட்கார்ந்து கொண்டு "மலைவாழ் மக்கள் பாரம்பரிய உணவை விட்டு விட்டார்களே" என்று கண்ணீர் வடிப்பவர்கள் ஒரு நாள் உரலில் சாமை குத்திப் பார்த்திருப்பார்களா? ஒரு படி சாமையை உமி நீக்கி எடுப்பதற்குள் தாய்மார்களின் தோள் கழன்று விடும். வயலிலும் வேலை பார்த்து, விறகும் சுமந்து, தண்ணீரும் சுமந்து, அதற்குப் பிறகு உலக்கையும் பிடிக்க வேண்டும் என்று யார் சொல்ல முடியும்? தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2006ல் கிலோ 2 ரூபாய் ஆனது. 2008ல் 1 ரூபாய் ஆனது. 2011 ஜூன் முதல் இலவசமானது. அந்த அரிசி எத்தனையோ வீடுகளில் பட்டினியை ஒழித்தது என்பதை மறுப்பவர்கள் பட்டினியை அறியாதவர்கள்.

ஆனால் உரலுக்குப் பதில் இயந்திரம் இருக்கிறதே! 2023 செப்டம்பரில் மறைந்த எம்.எஸ்.சுவாமிநாதன் அவர்கள் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இருந்தே கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காப்பாற்றும் வேலையைச் செய்து வருகிறது. விதைகளைச் சேகரித்தார்கள், உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்களில் வைத்தார்கள், மகளிர் குழுக்கள் மூலம் விற்பனைக்கும் வழி செய்தார்கள். சாமை மறைவதற்குப் பெரிய காரணம் உலக்கை தான் என்பதைப் புரிந்து கொண்டு செய்த வேலை அது. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதன் பிறகு சென்னைக் கடைகளில் சாமை அரிசி, சாதாரண அரிசியை விட அதிக விலைக்கு விற்கிறது. விளைவித்தவர்கள் விட்டு விட, விளைவிக்காதவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

தமிழக அரசு 2023ல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தரும் திட்டத்தைத் தொடங்கியது. கேழ்வரகும் சாமையும் விளைகின்ற மலைகளின் ரேஷன் கடைகள் அனைத்திலும் இவை கிடைக்க வேண்டும். அதையும் அந்தந்த மலை விவசாயிகளிடமே நல்ல விலைக்கு வாங்க வேண்டும். இதைக் கேட்பது உங்கள் உரிமை. கிராம சபை கூடும் போது எழுந்து நின்று கேளுங்கள்.

சாமை சாப்பிட்டால் நல்ல கொழுப்பு எகிறி விடும் என்று நான் சொல்ல மாட்டேன். சிறுதானியம் பற்றிய பல ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்து 2021ல் ஒரு கட்டுரை வந்தது. நல்ல கொழுப்பு சுமார் 6 சதவிகிதம் கூடுகிறது. கெட்ட கொழுப்பு சுமார் 10 சதவிகிதம் குறைகிறது என்று கணக்கிட்டிருந்தார்கள். 6 சதவிகிதம் என்றால் 35 என்று இருந்தது 37 ஆகும், அவ்வளவு தான். பெரிய பலன் மற்ற பக்கத்தில் இருக்கிறது. அதுவும் உமியை மட்டும் நீக்கிய தானியமாக இருந்தால் தான். வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று தவிட்டையும் தீட்டி எடுத்து விட்டால் சாமைக்கும் ரேஷன் அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

நடப்பதும் இப்படித் தான். தினமும் வேகமாக நடந்தால் நல்ல கொழுப்பு 2 அல்லது 3 எண் தான் ஏறும். "இவ்வளவு தானா?" என்று விட்டு விடாதீர்கள். நடையினால் இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை அந்த 3 எண்ணில் அடங்கி விடுவதில்லை. இரத்த அழுத்தம் குறைகிறது, சர்க்கரை குறைகிறது, தொந்தி குறைகிறது. முன்பெல்லாம் ஒரு நாட்டில் இருந்து மறு நாட்டுக்கு நடந்தே போன நீங்கள் இன்று பக்கத்துக் கடைக்குக் கூட மோட்டார் சைக்கிளை எடுக்கிறீர்கள்.

குடிப்பவர்கள் எடுத்து வைக்கும் வாதம்

சிலர் இப்படியும் வாதம் செய்கிறார்கள். "அளவாகக் குடித்தால் நல்ல கொழுப்பு ஏறும், இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்கிறார்கள்" என்று சொல்லிக் கொண்டு டாஸ்மாக் கடைக்குப் போகிறார்கள்.

மது அருந்தினால் நல்ல கொழுப்பு ஏறுகிறது என்பது உண்மை தான். இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு நேரம் என்ன பார்த்தோம்? நல்ல கொழுப்பை ஏற்றுவதால் மட்டும் மாரடைப்பு குறையாது என்று பார்த்தோம். 72 சதவிகிதம் ஏற்றிய மருந்தே காப்பாற்றவில்லை. அப்படியிருக்க, குவார்ட்டர் பாட்டில் காப்பாற்றுமா? அதே மது இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. ட்ரைகிளிசரைடை ஏற்றுகிறது. ஈரலைக் கெடுக்கிறது. எந்த அளவு மதுவும் இதயத்துக்கு நல்லதல்ல என்று உலக இதயக் கூட்டமைப்பு 2022 ஜனவரியில் தெளிவாக அறிவித்து விட்டது. எனவே குடிப்பவர்கள் வேறு காரணம் தேடிக் கொள்ளட்டும். இதயத்தை இழுக்க வேண்டாம்.

இதே வாதத்தைத் தேங்காய் எண்ணெய்க்கும் சொல்கிறார்கள். தேங்காய் எண்ணெய் நல்ல கொழுப்பை ஏற்றும் என்பதும் உண்மை. ஆனால் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த போது, மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது நல்ல கொழுப்பை 4 எண் ஏற்றியது, கெட்ட கொழுப்பையோ 10 எண் ஏற்றியது. ஒரு ரூபாய் வரவு, இரண்டரை ரூபாய் செலவு. குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுவதைப் பற்றி நான் பேசவில்லை. வெறும் வயிற்றில் கரண்டி கரண்டியாகக் குடிக்கிறார்களே, அவர்களுக்குச் சொல்கிறேன்.

கீழே ராசிபுரத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் முகாம் வேலைக்காக வந்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நமது கல்யாணங்களில் பிரியாணியில் செலவைக் குறைப்பதற்காக வனஸ்பதியை ஊற்றும் வழக்கம் பல காலமாக இருக்கிறது. எண்ணெயைக் கெட்டியாக்கும் போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொழுப்பை ஏற்றும், நல்ல கொழுப்பை இறக்கும், இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்யும் என்பதை 1990லேயே ஹாலந்து நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்து விட்டார்கள். நம் நாட்டில் 2022 ஜனவரியில் இருந்து தான் அதை 2 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் அமுலுக்கு வந்தது. சட்டம் கம்பெனியைத் தான் கட்டுப்படுத்தும். வடை, சமோசா சுட்ட எண்ணெயை நாள் கணக்கில் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறோமே, அதை நாம் தான் கட்டுப்படுத்த வேண்டும்.

சீட்டில் எதைப் பார்ப்பது?

மொத்தக் கொழுப்பில் இருந்து நல்ல கொழுப்பைக் கழியுங்கள். மொத்தம் 220, நல்லது 60 என்றால் மிச்சம் 160. அந்த 160 தான் குழாயில் சரக்கைக் கொட்டும் வண்டிகளின் கணக்கு. பொதுவாக இது 130க்குள் இருப்பது நல்லது. சர்க்கரை நோயோ ஏற்கனவே மாரடைப்போ உள்ளவர்களுக்கு இதை விடவும் குறைய வேண்டும். நல்ல கொழுப்பு 60 இருக்கிறதே என்று மகிழ்ச்சி அடைந்தவர் இந்த 160ஐப் பார்க்கத் தவறி விடுகிறார்.

கெட்ட கொழுப்பைக் குறைத்தால் உயிர் பிழைக்கிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? இருக்கிறது. டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து நாடுகளில் இதய நோயாளிகள் 4,444 பேரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 1994ல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்டேடின் வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 182 பேர் இறந்தார்கள், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர். அதன் பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தி விட்டன. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே தருகிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் தொடர்ந்து சாப்பிடுங்கள். உடம்பு வலி போல ஏதாவது தொந்தரவு தெரிந்தால் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பீடியை விட்டு விடுங்கள். பீடியை விட்டவருக்கும் நல்ல கொழுப்பு சில எண்கள் தான் ஏறும். ஆனால் புகையினால் வந்த மாரடைப்பு ஆபத்து ஒரே ஆண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து விடும்.

கடைசியாக, இந்த மலையில் இருப்பவர்கள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டிய ஒன்று. மாரடைப்பு வந்தால் எங்கே போவீர்கள்? இங்கிருந்து புறப்பட்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, காரவள்ளியைத் தாண்டி, அதன் பிறகு நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போய்ச் சேர வேண்டும். இதயத்தின் தசை அத்தனை நேரம் காத்திருக்காது. இப்படிப்பட்ட இடங்களுக்காகவே தமிழக அரசு 2023 ஜூனில் இதயம் காப்போம் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் 14 மாத்திரைகளைத் தயாராக வைத்திருப்பார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டேடின் 8. முதல் இரண்டும் இரத்தம் மேலும் உறைந்து போகாமல் தடுப்பவை. மூன்றாவது, நான் இப்போது சொன்ன ஸ்டேடின் வகை. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் அங்கேயே கொடுத்து விட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கிறார் என்று நீங்களாக வாங்கி விழுங்கக் கூடாது. வயிற்றில் புண் இருக்கிறதா, இரத்தக் கசிவு இருக்கிறதா, பக்கவாதமா என்று பார்த்துத் தான் கொடுப்பார்கள்.

நடு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தது போல அழுத்தம், இடது கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவை தான் அடையாளம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலும் மட்டும் வரலாம். வாயுப் பிடிப்பு என்று சொல்லி சோடா குடிப்பதும், ஓமத் தண்ணீர் காய்ச்சுவதும், விடியட்டும் என்று படுத்து விடுவதும் வேண்டாம். உடனே 108க்குப் போன் செய்யுங்கள். நடக்க விடாதீர்கள், மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு வளைவுகளில் இறங்காதீர்கள். உங்களுக்கு அருகில் உள்ள துணை சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது, இரவில் நர்ஸை எப்படிக் கூப்பிடுவது, 14 மாத்திரைகள் அங்கே இருப்பில் இருக்கிறதா என்பதை இந்த வாரமே போய்க் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். இல்லை என்று சொன்னால் எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக் கொண்டு வாருங்கள்.